அப்பாவின் அட்வான்ஸும் 96 கேப்சாவும்!

'கோர்ட்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மரக்கூண்டு, கறுப்பு கோட்டு, 'ஆர்டர்... ஆர்டர்...'னு சுத்தியல் தட்டுற ஜட்ஜ். அவ்வளவுதானே? போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கும் அதேதான். (நம்ம ஊர் கோர்ட்டில் சுத்தியலே கிடையாது. அது சினிமாக்காரங்க வெளிநாட்டுப் படத்தில் இருந்து சுட்டது!)

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஹாஸ்டலுக்கு அப்பா போன் பண்ணினார். "பாப்பா, ஒரு இடம் அமைஞ்சிருக்கும்மா. அஞ்சே கால் சென்ட். பைபாஸ்ல இருந்து அரை கிலோமீட்டர்தான். வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள். மூணு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுடலாம்னு இருக்கேன்."

என் அப்பா மில்லில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மூணு லட்சம்னா அதில் பி.எஃப். லோன் பாதி, அம்மாவோட எட்டு பவுன் மீதி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்! "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு. முப்பது வருஷத்துக்குக் கண்ணாடி மாதிரி இருக்கு"ன்னார்.

என் ரூம்மேட்டோட அண்ணன் லா காலேஜில் படிக்கிறார். அவள் பெருமையா இந்த விஷயத்தை அவர்கிட்ட சொல்ல, பதிலுக்கு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வில்லங்கம் சரி... கேஸ் ஏதாவது இருக்கானு பார்த்தாங்களா?"

நான் முழிச்சேன். வில்லங்கச் சான்றிதழில் கேஸ் வராதா?

வராது மக்களே! அதில் வர்றது பத்திரப்பதிவு ஆபீஸில் பதிவான சமாசாரங்கள்தான். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் இப்படி. கோர்ட் ஒரு சொத்தை ஜப்தி பண்ணி, அந்த உத்தரவு சார்பதிவாளர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அதுவும் வரும். ஆனால், அந்த இடத்தின் மேல் யாரோ ஒருத்தர் போன வாரம் கேஸ் போட்டிருந்தால், அது தானாக அங்கே போய் உட்காராது. பதிவுத்துறை ஒரு உலகம், கோர்ட் இன்னொரு உலகம்.

சரி, கேஸ் நடக்கிற இடத்தை வாங்கினால் என்ன ஆகும்? 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 52-வது பிரிவுனு ஒண்ணு இருக்கு. கேஸ் நடக்கும்போது சொத்தை வித்தால், வித்தது செல்லாதுனு அந்தப் பிரிவு சொல்லலை. ஆனால், கடைசியில் வர்ற தீர்ப்பு வாங்கினவரையும் கட்டுப்படுத்தும். 'சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க'னு சொன்னாலும் தப்பிக்க முடியாது. அதாவது, வித்தவர் தோத்தால் நாமளும் தோத்த மாதிரிதான். எட்டு பவுன் கோவிந்தா!

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருந்தது.

அடுத்தவங்க கேஸை நாம பார்க்கலாமா?

எனக்கு வந்த முதல் சந்தேகம் இது. பார்க்கலாம். நம்ம நாட்டில் கோர்ட் நடக்கிறதே எல்லாரும் பார்க்கத்தான். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவு, விசாரணை நடக்கிற இடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கணும்னு சொல்லுது. 1966-லேயே மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்த சுப்ரீம் கோர்ட் பெஞ்ச், வெளிப்படையான விசாரணை நீதிக்கு எவ்வளவு முக்கியம்னு விரிவா பேசியிருக்கு. ரகசியமா நடத்த வேண்டிய கேஸ்கள் விதிவிலக்கு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

நம்ம ஏஜ் குரூப் ஆள் ஒருத்தரோட கதையும் இதில் இருக்கு. டெல்லியில் இன்டர்ன்ஷிப் போன லா காலேஜ் மாணவர்களை, திங்கள், வெள்ளி மாதிரி கூட்டம் அதிகமான நாட்களில் சுப்ரீம் கோர்ட் ஹாலுக்குள் விடலை. ஸ்வப்னில் திரிபாதிங்கிற மாணவர், 'அப்போ லைவ்வாவது காட்டுங்க'னு சுப்ரீம் கோர்ட்டிலேயே மனு போட்டார். 2018 செப்டம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பரில் அரசியல் சாசன பெஞ்ச் விசாரணைகளை லைவ்வா காட்ட ஆரம்பிச்சாங்க. இன்டர்ன்களுக்கு ஒரு 'ஓ' போடுங்க! (நானும் இன்டர்ன்தாங்க.)

ஆக, பார்க்க உரிமை இருக்கு. எங்கே பார்க்கிறது? ஈகோர்ட்ஸ். 2007-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம். நாடு முழுக்க மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளை கம்ப்யூட்டர்மயம் ஆக்கி, கேஸ் விவரங்களை ஒரே இடத்தில் கொண்டு வர்றதுதான் ஐடியா. 2023-ல் மூணாவது கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்காங்க. 'சர்வீசஸ் டாட் ஈகோர்ட்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்'னு அடிச்சால் வரும். மொபைல் ஆப்பும் இருக்கு. லாக்-இன் வேண்டாம், ஃபீஸ் வேண்டாம். ஒரே ஒரு கேப்சா போதும். 'ஒரே ஒரு'னு நான் சொன்னதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்தில் ஒரு சி.என்.ஆர். நம்பர் கொடுத்திருக்காங்க. முதல் ரெண்டு எழுத்து மாநிலம் (நமக்கு 'டி.என்.'), அடுத்த ரெண்டு மாவட்டம், அடுத்த ரெண்டு இலக்கம் எந்த கோர்ட்டுங்கிறது, அப்புறம் ஆறு இலக்க வரிசை எண், கடைசி நாலு இலக்கம் வருஷம். நம்ம டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால் பக்கா ப்ரைமரி கீ! அது கையில் இருந்தால் ஒரே தட்டலில் கேஸ் திறந்துடும். வக்கீல் வெச்சு கேஸ் நடத்துற யார் வீட்டிலாவது 'அடுத்த வாய்தா எப்போ'னு தெரியாமல் வக்கீல் ஆபீஸுக்கு நடையா நடந்தால், இந்த நம்பரை மட்டும் வாங்கிக் கொடுத்துடுங்க. உங்களைக் கும்பிடுவாங்க.

ஆனால், என் கையில் நம்பர் இல்லையே! கேஸ் இருக்கானே தெரியாது. கையில் இருந்தது விற்பவரோட பேரும், இடத்தோட சர்வே நம்பரும் மட்டும்தான். சர்வே நம்பரை வெச்சு அங்கே தேட முடியாது. பேர், கேஸ் நம்பர், எஃப்.ஐ.ஆர். நம்பர், வக்கீல் பேர், எந்தச் சட்டம்... இந்த மாதிரி வழிகள்தான். பேரைப் பிடிச்சேன். அங்கேதான் ஆரம்பிச்சது ரோதனை!

பழனிச்சாமிக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

முதலில் மாவட்டம், அப்புறம் கோர்ட் வளாகம் செலக்ட் பண்ணணும். நிலத் தகராறுன்னா, நிலம் எந்த ஊர் எல்லையில் இருக்கோ அந்த ஊர் கோர்ட்டில்தான் கேஸ் போடணும். விற்பவர் சென்னையில் குடியிருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, இடம் எங்கேயோ அங்கேதான். அதனால் மாவட்டம் ஈஸி. ஆனால், எங்க தாலுகாவில் முன்சீப் கோர்ட் ஒரு வளாகம், மாவட்டத் தலைநகரில் பெரிய கோர்ட்டுகள் இன்னொரு வளாகம். சொத்து மதிப்பைப் பொறுத்து கேஸ் இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம். ரெண்டையும் பார்க்கணும்.

அடுத்து பேர். குறைஞ்சது மூணு எழுத்து, அதுவும் இங்கிலீஷில். இங்கேதான் நம்ம தமிழ்ப் பேர்கள் விளையாடும். உதாரணத்துக்கு, 'பழனிச்சாமி'னு ஒருத்தரை எடுத்துக்கோங்க (எங்க விற்பவர் பேர் அது இல்லை). 'ழ'வுக்கு 'எல்' போடுவாங்களா, 'இசட்-ஹெச்' போடுவாங்களா? 'சாமி'க்கு எஸ்-ஏ-வா, எஸ்-டபிள்யூ-ஏ-வா, சி-ஹெச்-ஏ-வா? கடைசி எழுத்து 'ஐ'யா 'ஒய்'யா? 'பழனி'க்கும் 'சாமி'க்கும் நடுவில் இடைவெளி உண்டா? இதில் 'கதிரேசன்' மாதிரி பேர்னா இன்னும் மோசம். 'த'வுக்கு டைகரில் வர்ற 'டி'யா, டாக்கில் வர்ற 'டி'யா, பின்னாடி 'ஹெச்' உண்டா? கோர்ட்டில் டைப் பண்ணின ஊழியர் அன்னிக்கு எந்த மூடில் இருந்தாரோ, அதுதான் ஸ்பெல்லிங். ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், பத்திரத்தில் ஒரு மாதிரி இருக்கும், கேஸில் மூணாவது மாதிரி இருக்கும்.

நான் கண்டுபிடிச்ச டெக்னிக் என்னன்னா, முழுப் பேரை அடிக்கவே கூடாது. இனிஷியலை விட்டுடுங்க. அதுக்குப் புள்ளி வெச்சாங்களா, இடைவெளி விட்டாங்களானு கடவுளுக்குத்தான் வெளிச்சம். பேரில் ஸ்பெல்லிங் குழப்பம் வராத முதல் மூணு நாலு எழுத்தை மட்டும் போடுங்க. நிறைய பேர் வந்து கொட்டும், பரவாயில்லை. வேண்டாததைக் கண்ணால் ஒதுக்கிடலாம், வராமலே போனதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? 'ழ', 'த', 'ஷ', 'ஜ' மாதிரி எழுத்து ஆரம்பத்திலேயே வந்தால் ரெண்டு மூணு ஸ்பெல்லிங்கில் தனித்தனியா தேடித்தான் ஆகணும். செகண்ட் இயரில் ஸ்ட்ரிங் மேட்சிங் பாடம் நடத்தினப்போ 'இதெல்லாம் எதுக்கு சார்'னு கேட்டேன். இதுக்குத்தான் சார்!

இன்னும் முடியலை. பேரோட கேஸ் பதிவான வருஷத்தையும் கட்டாயம் போடணும். எந்த வருஷம்னு எனக்கு எப்படித் தெரியும்? கடைசி 12 வருஷம் பார்த்துடலாம்னு முடிவு பண்ணினேன். 12 வருஷம், நாலு ஸ்பெல்லிங், ரெண்டு வளாகம். பெருக்கிப் பாருங்க... 96! ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு கேப்சா. நெளிஞ்சு வளைஞ்சு நிக்கிற அந்த எழுத்துகளைப் படிச்சுப் படிச்சு ராத்திரி ஒரு மணிக்கு என் கண்ணே ஒன்றரைக் கண் ஆயிடுச்சு.

இன்னொரு ஆப்ஷனையும் மறந்துடாதீங்க. 'நிலுவை', 'முடிந்தது', 'இரண்டும்'னு மூணு இருக்கும். எப்பவும் 'இரண்டும்' போடுங்க. முடிஞ்ச கேஸ்னா நிம்மதின்னு நினைக்கிறது தப்பு. கீழ்க் கோர்ட்டில் முடிஞ்சிருக்கும், அப்பீல் மேலே ஓடிட்டு இருக்கும். எங்க ஊர்ப் பக்கம்னா அது ஹைகோர்ட்டின் மதுரை பெஞ்ச். 2004 ஜூலையில் ஆரம்பிச்சது. கன்னியாகுமரியில் இருந்து திருச்சி, தஞ்சாவூர் வரைக்கும் அதோட எல்லை. ஹைகோர்ட் கேஸ்களுக்கு ஈகோர்ட்ஸிலேயே தனிப் பக்கம் இருக்கு. மாவட்ட கோர்ட் பக்கத்தில் தேடினால் அது வராது.

முதல் நாள் ராத்திரி எனக்கு ஒரு ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போச்சு. விற்பவர் பேரிலேயே ஒரு கேஸ்! 'எஸ்.சி.'னு போட்டிருந்தது. எஸ்.சி.ன்னா செஷன்ஸ் கேஸ். கொலை மாதிரி பெரிய குற்றங்கள் இந்த வகையில்தான் வரும். 'ஐயோ, அப்பா கொலைகாரன்கிட்ட இடம் வாங்கப் போறாரே'னு ரூம்மேட்டை எழுப்பி விட்டேன். அவள் தூக்கக் கலக்கத்தோட ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "லூசு, இனிஷியலைப் பாருடி. போலீஸ் ஸ்டேஷனும் வேற ஊர்"னு சொல்லிட்டு மறுபடி படுத்துட்டாள். பேர் ஒண்ணு, ஆள் வேற. இதை நல்லா மனசில் பதிய வெச்சுக்கோங்க. கடைசியில் இதுக்குத் திரும்பி வருவேன்.

அந்தக் குட்டி எழுத்துகள் தெரிஞ்சிருந்தால் பாதி வேலை முடிஞ்சது. 'ஓ.எஸ்.'னா அசல் வழக்கு. நிலம், பணம், பாகப்பிரிவினை எல்லாம் அதில்தான். 'ஐ.ஏ.'ன்னா அந்த வழக்குக்குள்ளே போடுற குட்டி மனு. தடை உத்தரவு கேட்கிறதெல்லாம் அதில் வரும். 'ஏ.எஸ்.' முதல் அப்பீல், 'எஸ்.ஏ.' இரண்டாம் அப்பீல். 'ஈ.பி.'ன்னா ஜெயிச்ச தீர்ப்பை நிறைவேத்தச் சொல்ற மனு. நிலம் வாங்குறவங்க ஓ.எஸ்.ஸையும் ஈ.பி.யையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும்.

ரெண்டாவது நாள், புதன்கிழமை ராத்திரி, எழுபத்தி சொச்சமாவது கேப்சா. 2019-ஆம் வருஷத்து ஓ.எஸ். ஒண்ணு வந்தது. எதிர்த்தரப்பில் எங்க விற்பவர் பேர், அதே இனிஷியல், அதே ஊர். வாதியா இருந்தவங்க ஒரு பெண். இனிஷியல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்!

'வியூ'வை அழுத்தினேன். தாக்கல் தேதி, சி.என்.ஆர்., வக்கீல்கள் பேர், எந்த கோர்ட், அடுத்த வாய்தா, கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்குனு எல்லாம் வந்தது. எதிருரை, எழுவினா எல்லாம் முடிஞ்சு சாட்சி விசாரணையில் நின்னுது. கீழே ஒவ்வொரு வாய்தாவும் வரிசையா இருந்தது. அந்தத் தேதிகளைத் தட்டினால் அன்னிக்கு என்ன நடந்ததுனு ஒரு வரி வரும். 'வாதி ஆஜராகவில்லை', 'அவகாசம் கேட்கப்பட்டது' இந்த மாதிரி. அஞ்சாறு வருஷக் குடும்பச் சண்டையோட சுருக்கம் என் மொபைலில் ஓடிட்டு இருந்தது.

ஆனால், முக்கியமான விஷயம் மட்டும் அங்கே இல்லை. எந்த இடத்துக்கான சண்டை? பிராதின் கடைசியில் சொத்து விவரம்னு ஒரு பகுதி இருக்கும். சர்வே நம்பர், அளவு, நாலு பக்க எல்லை எல்லாம் அதில்தான். அந்தப் பகுதி ஸ்கிரீனில் வராது. அவருக்கு அஞ்சு இடம் இருக்கலாம், சண்டை வேற இடத்துக்கா இருக்கலாம். இதுக்கு மேல நெட்டால் முடியாது, நேரில் போயே ஆகணும்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், கோர்ட்டுக்கு!

அப்பாவுக்கு போன் போட்டேன். முதலில் நம்பலை. "அந்தாளு தங்கமான மனுஷன்மா. கோர்ட் விஷயமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"னார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம், "சரி, நீ வா"ன்னார்.

வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவோட தாலுகா கோர்ட் வாசலில் நின்னேன். வேப்பமரம், டைப்ரைட்டர் சத்தம், டீக்கடை, கைக்குழந்தையோட ஒரு அம்மா, கட்டுக் கட்டா ஃபைல். சினிமா கோர்ட் மாதிரி ஒண்ணுமே இல்லை. அப்பாவுக்குத் தெரிஞ்ச வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் வந்தார். நான் சி.என்.ஆர். நம்பரை நீட்டினதும் ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லையே பாப்பா! எங்க ஜூனியருங்களே கேஸ் நம்பரைத் துண்டுச் சீட்டுல தப்பா எழுதிட்டு வருவாங்க"ன்னார். பொறியியல் படிப்புக்குக் கிடைச்ச முதல் மரியாதை!

நகல் மனு போடணும்னார். கேஸில் சம்பந்தப்பட்டவங்கன்னா சுலபம். எங்களை மாதிரி மூணாவது ஆள்னா, எதுக்காக வேணும்னு காரணம் எழுதி உறுதிமொழிப் பத்திரத்தோட கேட்கணும், கோர்ட் அனுமதிக்கணும். 'இந்தச் சொத்தை வாங்குவதாக இருக்கிறோம்'ங்கிறது நியாயமான காரணம்தான். 'தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன?'னு நான் புத்திசாலித்தனமா கேட்டேன். சிரிச்சார். கோர்ட் விதிகளில் நகல் வாங்க வழி இருக்கும்போது, அந்த வழியாத்தான் வரணும், ஆர்.டி.ஐ.யில் கேட்க முடியாதுனு 2020 மார்ச்சிலேயே சுப்ரீம் கோர்ட் குஜராத் ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லிடுச்சு.

இன்னொரு விஷயம்: நெட்டில் டவுன்லோடு பண்ற உத்தரவு நமக்குத் தகவலுக்கு மட்டும்தான். ஆபீஸில் காட்டவோ, இன்னொரு கேஸில் ஆதாரமா வைக்கவோ சீல் வெச்ச சான்று நகல்தான் வேணும். அதுக்கும் நகல் பிரிவில் மனு போட்டு வாங்கணும்.

மனு போட்டுட்டு அப்பா ப்ரோக்கருக்கு போன் அடிச்சு கேஸ் பத்திக் கேட்டார். "அட, அது சும்மா அக்கா தம்பி தகராறுங்க. அடுத்த மாசம் ராஜி ஆயிடும்"னு பதில் வந்தது. அஞ்சு வருஷத்துக்கு மேல நடக்கிற கேஸ், அடுத்த மாசம் ராஜியாம்! "ஏன் முன்னாடியே சொல்லலை?"னு அப்பா கேட்டதுக்கு, "நீங்க கேட்கலையே"ன்னார். அதுவும் சரிதான்.

நகல் கைக்கு வர மூணு வாரம் ஆச்சு. சொத்து விவரத்தில் எங்க சர்வே நம்பர் இருந்தது. கதை சிம்பிள். அவங்க அப்பா இறந்ததும் அண்ணனும் தம்பியும் மட்டும் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கிட்டாங்க. வில்லங்கத்தில் அது அழகா, சுத்தமா தெரிஞ்சது. அக்காவை விட்டுட்டாங்க! அவங்க தன் பங்கைக் கேட்டு கேஸ் போட்டிருக்காங்க. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமைனு தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டு வந்தது. நாடு முழுக்க 2005-ல் வந்தது. அக்காவுக்கு ஜெயிக்க வாய்ப்பு இருக்குனுதான் குமாஸ்தா அண்ணா சொல்றார். உண்மையைச் சொல்லட்டுமா? நான் அந்த அக்கா பக்கம்!

மூணு லட்சம் தப்பிச்சது. முன்னாடியே டோக்கனா கொடுத்த 25,000-ல் 15,000 திரும்பி வந்தது. மிச்சத்துக்கு அப்பா இன்னும் நடந்துட்டு இருக்கார்.

ஹாஸ்டலில் இந்தக் கதை பரவினதும் நான் டிடெக்டிவ் ஆயிட்டேன். 'எங்க ஹவுஸ் ஓனரைத் தேடு', 'அக்காவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைத் தேடு'னு ஒரே க்யூ. முதல் ரெண்டு நாள் செம ஜாலி. மூணாவது நாள், விளையாட்டா ஒருத்தி தன்னோட அப்பா பேரையே அடிச்சாள். ரிசல்ட் வந்தது. அவள் முகம் மாறினதைப் பார்த்து நான் போனை வாங்கி மூடிட்டேன். என்ன வந்ததுனு எழுதப் போறதில்லை. அவளுக்கே அதுவரைக்கும் வீட்டில் சொல்லாத விஷயம். அதோட கடையைச் சாத்திட்டேன்.

எல்லாமே எல்லாருக்கும் தெரியறது இல்லைங்கிறதையும் சொல்லணும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளியிடுறதே குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் அதையே சொல்லுது. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் வெப்சைட்டில் போடணும்னு 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டப்போ, இந்த மாதிரி வழக்குகளுக்கு விலக்கு கொடுத்தது.

ஆனால், விடுதலை ஆனவங்க பேர்? இதுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்துட்டு வருது, அதுவும் நம்ம ஹைகோர்ட்டில் ஆரம்பிச்சு. ஒருத்தர் மேல கிரிமினல் கேஸ். ஹைகோர்ட் அவரை விடுதலை பண்ணிடுச்சு. ஆனால், கூகுளில் பேரை அடிச்சால் அந்தத் தீர்ப்பு வந்து நிக்குது. பேரை மறைக்கணும்னு கேட்டார். 2021-ல் தனி நீதிபதி முடியாதுன்னார். 2024 பிப்ரவரியில் ரெண்டு நீதிபதிகள் பெஞ்ச், பேரை மறைக்கவும், 'இந்தியன் கானூன்' தளத்தில் இருந்து தீர்ப்பை எடுக்கவும் சொன்னது. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டது. அந்தத் தளம் 2008-ல் சுஷாந்த் சின்ஹாங்கிற கம்ப்யூட்டர் இன்ஜினீயர் தனி ஆளா ஆரம்பிச்சது. லட்சக்கணக்கான தீர்ப்புகளை யார் வேணா இலவசமா படிக்கிறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. ஹாஸ்டலில் அந்தத் தோழியைப் பார்க்கலைன்னா, 'எல்லாம் ஓப்பனா இருக்கட்டும்'னு நானும் கொடி பிடிச்சிருப்பேன்.

இப்போ அந்த 'பேர் ஒண்ணு, ஆள் வேற' மேட்டர். ஃபைனல் இயர் மக்கள் இங்கே கவனிங்க! கேம்பஸில் செலக்ட் ஆனதும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு நடக்கும்ல? பல கம்பெனிகளுக்காக அதைச் செய்யற ஏஜென்சிகள் கோர்ட் ரெக்கார்டையும் பார்க்கும். உங்க பேரில் வேற யாரோ ஒருத்தர் எங்கேயோ அடிதடி பண்ணியிருந்தால்? அப்பா பேர், முகவரி, வயசு எல்லாம் ஒத்துப் போகணும். குழப்பம் வந்தால் பயப்படாமல் அந்த கேஸோட சி.என்.ஆர். நம்பரைக் கேளுங்க. நம்பரைப் போட்டு, ஸ்டேஷன், வருஷம், விவரம் எல்லாத்தையும் காட்டி 'அது நான் இல்லை'னு எழுதிக் கொடுங்க. கேஸ் இருந்தாலே குற்றவாளினும் அர்த்தம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர், அவ்வளவுதான்.

ஈகோர்ட்ஸில் ஒண்ணும் வரலைன்னா கேஸே இல்லைனும் முடிவு பண்ணிடாதீங்க. தாசில்தார், ஆர்.டி.ஓ. முன்னாடி நடக்கிற பட்டா தகராறுகள் அதில் வராது. பேங்க் கடன் பாக்கி விவகாரம்னா கடன் வசூல் தீர்ப்பாயம், அதுக்குத் தனி வெப்சைட். நுகர்வோர் வழக்குகள் 2025-ல் இருந்து 'இ-ஜாக்ரிதி'யில். பழைய கேஸ்கள் சில இடத்தில் அரைகுறையாத்தான் ஏத்தியிருப்பாங்க. மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளில் மட்டும் நிலுவை 4 கோடிக்கும் மேல்னு தேசிய நீதித்துறை டேட்டா கிரிட் காட்டுது. அதில் ஒரு கேஸில் ஒரு எழுத்து தப்பா இருந்தாலும், நாம தேடினால் வராது. அதனால், பெரிய தொகைன்னா நெட்டில் பார்த்துட்டு, ஒரு வக்கீலையும் பார்க்கச் சொல்லுங்க.

போன ஞாயித்துக்கிழமை அப்பா மறுபடி போன் பண்ணினார். "பாப்பா, வேற ஒரு இடம் வந்திருக்கு. நாலரை சென்ட். ஆள் பேர், அவங்க அப்பா பேர், ஊர் எல்லாம் வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். நீ பார்த்துச் சொல்ற வரைக்கும் நான் டோக்கன்கூடக் கொடுக்கலை." மெசேஜைத் திறந்தேன். பேரில் 'ழ' ஒண்ணு, 'த' ரெண்டு!